நம்ம புள்ளைங்க குட்டைப் பரம்பரையா? தோட்டத்துல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளப் பத்திக் கொஞ்சம் பேசணும்

முன்பள்ளி_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில, நுவரெலியா மாவட்டத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல முன்பள்ளி நடத்துறேன். பதினொரு வருசமாச்சு. தோட்டத்துப் பேர் வேணாம். சின்ன இடம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

போன மாசம் நடந்த ஒண்ண மொதல்ல சொல்லிடுறேன். அடுத்த வருசம் முதலாம் வகுப்புக்குப் போற பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் அளவெடுக்கத் தையக்காரக்கா வந்தாங்க. அஞ்சு வயசுக்குன்னு டவுன் கடையில விக்கிற வெள்ளைக் கவுன் ஒண்ணு மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தாங்க. அத ஒரு பொண்ணுக்கு மாட்டிப் பாத்தா கணுக்கால் வரைக்கும் வருது. தோள் ரெண்டு பக்கமும் சரிஞ்சு விழுது. அக்கா வாயில குண்டூசிய வச்சிக்கிட்டே கீழ நாலு விரல் மடிச்சாங்க, பத்தல, இன்னும் நாலு விரல் மடிச்சாங்க. "வெட்ட வேணாம் டீச்சர், மடிச்சே தைக்கிறேன். மூணாம் வகுப்பு வரைக்கும் வருசா வருசம் அவுத்து விட்டுக்கலாம்"னாங்க.

அப்பத்தான் கொழுந்து பறிக்கிற மலையில இருந்து அந்தப் பொண்ணோட அம்மா வந்தாங்க, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக்கூட அவுக்கல. கவுனப் பாத்துட்டு, "எங்க வம்சமே குட்டதான் டீச்சர். நானும் குட்ட, எங்கம்மாவும் குட்ட. இவளுக்கு எங்கருந்து வளத்தி வரும்?"னு சாதாரணமாச் சொல்லிட்டு மகளக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்தப் பொண்ணு மெலிஞ்ச பொண்ணு இல்ல. கன்னம் நல்லா இருக்கு, ஓடும், பாடும், எல்லாருக்கும் முன்னாடி கை தூக்கும். நோயாளின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கிளினிக்லயும் பெருசா ஒண்ணும் சொன்னதில்லையாம். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வகுப்புல இருக்குற பாதிப் பிள்ளைங்க அந்தப் பொண்ணு உயரம்தானே, அதனாலதானே பதினொரு வருசமா எனக்குக் கண்ணுல படலன்னு தோணுச்சு.

கேள்வி இதுதான். நம்ம ஆளுங்க பொறப்புலயே குட்டையா? இல்ல, இது சாப்பாட்டுக் குறையா? படிச்சவங்க, டாக்டர்மார் இருந்தா சொல்லுங்க.

—

ஊவா_மகன்

டீச்சர், இதுல கேக்க என்ன இருக்கு. சம்பளம்தான். நாள் சம்பளத்த 2021-ல ஆயிரம் ரூவா ஆக்குனாங்க, அதுக்கு எத்தன வருசம் கத்துனோம். 2024-ல 1350. அதுவும் ஒரு நாளைக்குப் பறிக்கச் சொல்ற கிலோவ முழுசா எடுத்தாத்தான் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைஞ்சா அரைப் பேர் போடுறாங்க, இல்லாட்டி கிலோ கணக்குக்குக் காசு. மழைக்காலத்துல கொழுந்து இருக்கும், வெயில்ல மாசத்துக்கு எத்தன நாள் வேலைன்னு உங்களுக்கே தெரியும். அந்தக் காசுல முட்டையும் மீனும் எங்கருந்து வாங்குறது?

—

கொழுந்துக்கூடை

நான் கொஞ்சம் மாறுபடுறேன், கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா அஞ்சடிக்கும் கீழ. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து மலையில அவருக்கு ஈடா ஒருத்தன் இல்ல. நான் அஞ்சடி ரெண்டங்குலம், கொழும்புல நல்ல வேலையில இருக்கேன். உயரம் கொறைஞ்சா என்ன கொறைஞ்சு போச்சு? நம்ம பிள்ளைகளப் பாத்து "போசாக்கு இல்லாத பிள்ளைங்க"ன்னு எழுதி எழுதியே ஒரு முத்திரையக் குத்திட்டாங்க. ஏற்கெனவே நம்மளப் பாக்குற பார்வை போதாதா? ஜப்பான்காரன் ஒரு காலத்துல குட்டைதான்.

—

மலைநாட்டு_வைத்தியர்

டீச்சரின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். பரம்பரை இல்லை. குறைந்தது ஐந்து வயது வரை இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது. தாய்ப்பால் ஒழுங்காகக் கிடைத்த, தாய் புகைக்காத, வறுமை வளர்ச்சியைத் தடுக்காத வீடுகளின் பிள்ளைகள். ஆறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். நோர்வேப் பிள்ளைக்கும் தில்லிப் பிள்ளைக்கும் அந்த வயதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 2006-ல் வெளியான வளர்ச்சி அளவுகள் அதிலிருந்து வந்தவைதான். உங்கள் கையில் இருக்கும் கிளினிக் கொப்பியின் வளர்ச்சிப் படத்துக்கும் அதுவே அடிப்படை.

அந்த அளவுப்படி சரியாக ஐந்து வயதான பெண்பிள்ளையின் நடுவளவு 109 சென்டிமீட்டர். 100-க்குக் கீழே என்றால் அது வளர்ச்சி குன்றல். டீச்சர், முடிந்தால் அந்தப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். குதிகால் சுவரில் படவேண்டும், தலைக்கு மேல் தட்டையாக ஒரு புத்தகம் வைக்கவேண்டும்.

கொழுந்துக்கூடை சொன்ன ஜப்பான் உதாரணம் நல்ல உதாரணம். "ஒரு காலத்தில்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சாப்பாடு மாறியது, இரண்டு மூன்று தலைமுறையில் உயரம் மாறியது. பரம்பரை என்றால் மாறியிருக்க முடியாது.

இன்னொன்று. 2016-ல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் செய்த சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7. மாவட்டங்களில் நுவரெலியாதான் முதலில் நிற்கிறது. ஆனால் உயரத்துக்கு எடை குறைவு, அதாவது பார்த்தவுடனே தெரிகிற மெலிவு, நாடு முழுவதும் 15.1. தோட்டப்புறத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் பிள்ளைகள் மெலிந்து தெரிவதில்லை. உயரமும் எடையும் சேர்ந்தே குறைவதால் பார்வைக்கு அளவாக, அழகாக, ஒரு வயது சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறார்கள். பசி கண்ணுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

—

ஓய்வு_மிட்வைஃப்

இருபத்தாறு வருசம் தோட்டத்துப் பக்கம் வேலை செஞ்சவ நான். டாக்டர் ஐயா சொன்னது நூத்துக்கு நூறு.

நாங்க மாசா மாசம் நிறுப்போம். தொங்குற தராசு, அதுல துணிக் காற்சட்டை மாதிரி ஒண்ண மாட்டிப் பிள்ளையத் தொங்கவிடுவோம். நிறை எழுதுவோம், புள்ளி வைப்போம், கோடு இழுப்போம். பச்சைக்குக் கீழ செம்மஞ்சளுக்கு இறங்குனா திரிபோஷ சத்துமா எழுதுவோம். ஆனா உயரம் அளக்கப் பலகை வேணும், ரெண்டு பேர் பிடிக்கணும், பிள்ளை திமிறும், வெளியில நாப்பது தாய்மார் கியூவுல நிப்பாங்க, மத்தியானம் கொழுந்து நிறுவைக்கு முன்ன அவங்க மலைக்குத் திரும்பலன்னா அன்னைக்குப் பேர் போயிடும். அதனால உயரப் படம் பல கொப்பியில வெள்ளையாவே கிடக்கும். என் கையால விட்டதும் இருக்கு. இன்னைக்கு அத நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

திரிபோஷ பத்தியும் சொல்லணும். 1973-ல ஆரம்பிச்சது. சோளம், சோயா, மேல விற்றமினும் கனிமச் சத்தும். 750 கிராம் பைக்கட். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், ஒரு பைக்கட் ரெண்டு கிழமைக்குன்னு கணக்கு. ஆனா வீட்டுல மூணு பிள்ளை இருந்தா, ஒண்ணுக்கு மட்டும் உருண்டை பிடிச்சுக் குடுத்துட்டு மத்த ரெண்டையும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? நாலு நாள்ல முடிஞ்சிடும். "ஏன் பிள்ளைக்குக் குடுக்கல"ன்னு மொதல் மொதல்ல நானும் ஏசுனேன். அப்புறம் ஒரு நாள் ஒரு லயத்துக் காம்பராவுக்குள்ள (தொழிலாளர் வரிசை வீட்டு அறை) உக்காந்து அந்த உருண்டை பங்கு போறத என் கண்ணால பாத்தேன். அன்னைக்கோட ஏசுறத விட்டுட்டேன்.

2022-ல அதுவும் இல்லாமப் போச்சு. சோளம் இல்ல, இருந்த சோளத்துல அஃப்லடாக்சின் நஞ்சுன்னாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ளது நின்னு போச்சு. அந்த வருசம் கைப்பிள்ளையா இருந்ததுங்கதான் இப்ப டீச்சர்கிட்ட வருதுங்க.

—

நிர்வாகம்

முக்கியமான இழை, தொடருங்கள். ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் படம், பெயர், தோட்டத்தின் பெயர் எதையும் இங்கே போடவேண்டாம்.

—

முன்பள்ளி_டீச்சர்

இன்னைக்கு அளந்தேன் டாக்டர். கதவு நிலையில பென்சிலால கோடு போட்டு, தையக்காரக்காவோட டேப்பால. 97. அஞ்சு வயசு முடிஞ்சு மூணு கிழமை. ரெண்டாந் தடவையும் அளந்தேன், அதே 97.

மிட்வைஃப் அக்கா சொன்ன அந்த உருண்டை எங்க வீட்டுலயும் பங்கு போச்சு அக்கா. நானும் லயத்துல பொறந்தவதான்.

—

சிலோன்_கனடா

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில. மலையகத்தைப் பற்றி அதிகம் தெரியாது எண்டதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒண்டு கேக்கலாமோ? நுவரெலியாவில கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் விளையுது. முழு நாடும் அதைத்தான் சாப்பிடுது. அங்கயே இருக்கிற சனத்துக்கு ஏன் ரொட்டியும் சம்பலும்? தாய்மாருக்கு விழிப்புணர்வு குறைவோ? பிள்ளையளுக்கு மரக்கறி குடுக்கவேணும் எண்டு சொல்லிக் குடுத்தால் மாறாதோ?

—

முன்பள்ளி_டீச்சர்

அண்ணா, நீங்க மனசார கேக்குறீங்கன்னு தெரியுது, அதனால மனசார சொல்றேன்.

எங்க லயத்துல ஒரு அம்மா காலையில நாலரைக்கு எந்திரிப்பாங்க. பீலித் தண்ணி (பொதுக்குழாய்த் தண்ணி) வரிசையா பிடிக்கணும். விறகு ஈரமா இருந்தா அடுப்பு பத்தவே இருவது நிமிசம். ஆறு மணிக்குள்ள மூணு வேலை நடக்கணும்: பெரிய பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பணும், கைப்பிள்ளைய பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விடணும், ஏழு மணிக்கு முன்ன வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துல நிக்கணும். இதுல சோறு, பருப்பு, கீரைன்னு மூணு சட்டி வைக்க நேரம் எங்க? கோதுமை மாவக் கடகடன்னு பிசைஞ்சு, தட்டி, கல்லுல போட்டா அஞ்சு நிமிசத்துல ஒரு ரொட்டி. கட்டைச் சம்பல் இடிச்சாப் போதும். ரொட்டி ஊசிப் போகாது, மழையில நனஞ்ச கையோட மலையிலயே நின்னு திங்கலாம், தட்டு வேணாம், கழுவத் தண்ணி வேணாம். பிள்ளைக்கும் அதையே சீனி தொட்டுக் குடுத்தாப் பன்னெண்டு மணி வரைக்கும் அழாது.

எங்க அம்மாமாருக்குக் கீரை நல்லதுன்னு தெரியாம இல்ல. கிளினிக் சுவத்துல ஒட்டியிருக்கிற படத்துல இருக்கிற அத்தன காயும் அவங்களுக்குத் தெரியும். ரொட்டி, வேலைக்குப் போற நேரத்துக்கு ஏத்த சாப்பாடு. அந்த நேரத்தக் கையில வச்சிருக்கிறது அவங்க இல்ல.

கரட்டும் லீக்ஸும் பயிர் பண்ற காணி வேற ஆளுங்களோடது. லொறியில ஏறி தம்புள்ள சந்தைக்கோ கொழும்புக்கோ போயிடும். எங்க டவுன் கடையில வாங்குனா கொழும்பு விலைக்குப் பக்கத்துலதான் நிக்குது.

—

சிலோன்_கனடா

விளங்குது தங்கச்சி. நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. இதை நாலு பேருக்கு வாசிக்கக் குடுக்கிறன்.

—

மாட்டுக்காரன்_மகன்

எங்க வீட்டுல ஒரு பசு இருந்துச்சு. அப்பா வேலை முடிஞ்சு வந்து ஆத்தோரம் போய்ப் புல்லறுப்பாரு. காலையில கறக்குற பாலு நேரா கேன்ல ஊத்தி, ரோட்டுக்குப் போயி, பால் எடுக்குற லொறிக்குக் குடுத்துடுவோம். அந்தக் காசு கடைக்கணக்குக்குப் போகும். வீட்டுல நாங்க குடிச்சது சாயத்தண்ணி, பால் இல்லாத தேத்தண்ணி. கேனக் கழுவுன தண்ணிய அம்மா தேத்தண்ணியில ஊத்திக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுப்பாங்க. "பால் டீ"ன்னு சந்தோசமாக் குடிப்போம். எனக்கு இப்ப முப்பத்திநாலு வயசு. டீச்சர் எழுதுனத வாசிச்ச அப்புறந்தான் அந்தக் கேன் தண்ணி ஞாபகம் வந்துச்சு.

—

மலைநாட்டு_வைத்தியர்

தேத்தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது காசு செலவில்லாமல் மாற்றக்கூடியது. சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடித்தால் அதிலுள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டியில் இருக்கும் இரும்பே கொஞ்சம், அதுவும் உடம்பில் சேராது. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கும் கர்ப்பிணிகளைத் தினமும் பார்க்கிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேத்தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கதை பிள்ளையோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தாய் 145 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், இரத்தசோகையோடு இருந்தால், ஏழு மாதம் வரை கூடை சுமந்தால், பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறந்த பிள்ளை முதல் நாளிலிருந்தே பின்னால் நிற்கிறது. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது முடியும் வரை ஆயிரம் நாள். அதற்குள் போன உயரத்தில் பெரும்பகுதி திரும்புவதில்லை. உயரம் மட்டுமென்றால் கொழுந்துக்கூடை சொல்வதுபோல் விட்டுவிடலாம். ஆனால் எலும்பு வளர்வதற்குக் கிடைக்காத அதே சத்து, அதே மாதங்களில் மூளைக்கும் கிடைப்பதில்லை.

—

பாட்டி_சொன்ன_கதை

டாக்டர், தலைமுறைக் கணக்கு எங்க வீட்டுலயே இருக்கு.

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) 1973-74 பஞ்சத்துல கைப்பிள்ள. அரிசியும் மாவும் கூப்பனுக்கு வெட்டுனாங்க, தோட்டத்துல வேலை நாளும் இல்ல. ஜனங்க மரவள்ளித் தோலையும் காட்டுக் கீரையையும் அவிச்சுத் தின்னாங்களாம். டவுன்ல கையேந்தப் போனவங்களும், வழியிலயே விழுந்து செத்தவங்களும் உண்டுன்னு அவங்க அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்களாம். குடியுரிமை இல்லாத சனம் வேற. 1948 சட்டத்துல எடுத்தது முழுசாத் திரும்பி வர 2003 ஆச்சு. ஓட்டே இல்லாதவன் பஞ்சத்துல யாருகிட்டப் போயி நியாயம் கேப்பான்?

அந்த அம்மாயிக்கு எங்கம்மா பொறந்தப்ப அம்மாயிக்கு இருவது வயசுகூட ஆகல. எங்கம்மாவுக்கு நான். என் தம்பி 2021 கடைசியில பொறந்தான். 2022 செப்டெம்பர்ல சாப்பாட்டுச் சாமான் விலை, அதுக்கு முந்துன வருசத்தவிட 94.9 சதவீதம் கூடுனதுன்னு நியூஸ்ல சொன்னாங்க. தம்பிக்கு அப்பத்தான் பத்து மாசம், சோறு பழக்குற வயசு. பால்மா கடையில இல்ல, இருந்தாலும் நாங்க வாங்குற விலை இல்ல. கோதுமை மாவே கஞ்சியாக் குடிச்சான்.

எங்க நாலு பேரையும் சுவத்துல நிக்க வச்சா, "வம்சமே குட்ட"ன்னுதான் சொல்வீங்க.

—

கொழுந்துக்கூடை

மேல உள்ளத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல. எங்கப்பாவும் அந்தப் பஞ்சத்துல சின்னப் பையன். "வேலியோரம் முளைச்ச எதையும் விட்டதில்லடா"ன்னு சொல்வாரு, நான் அத வீரக்கதையா கேட்டு வளந்தவன்.

முத்திரை குத்துறதப் பத்தி நான் சொன்னத மட்டும் வாபஸ் வாங்கல. எழுதுறவங்க பிள்ளையக் குறை சொல்லாம, பிள்ளைக்கு நடந்தத எழுதணும். பரம்பரைன்னு சொன்னது தப்பு. ஒத்துக்குறேன்.

—

கோவை_மலையடிவாரம்

நான் கோயம்புத்தூர்ங்க. எங்களுக்குப் பக்கத்துல, கேரள எல்லையில அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் இருக்கிற மலை. 2013-ல அங்க வரிசையா கைக்குழந்தைகள் இறந்து பெரிய செய்தியாச்சு. அந்தத் தாய்மார் பலர் கடுமையான இரத்தசோகையில இருந்தாங்க. அங்க முன்னாடி ராகி, சாமை, துவரை, கீரைன்னு கலந்து வெதைச்சுச் சாப்பிட்ட ஜனம். நிலம் கைவிட்டுப் போச்சு, காடு மூடிப்போச்சு, ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சுச்சு. வயிறு நிறைஞ்சுது, சத்து போச்சு. அதுக்கப்புறம் ஊர் ஊருக்குச் சமூக சமையல் கூடம் வச்சாங்க, சிறுதானியத்தத் திரும்ப வெதைக்க உதவி வந்துச்சு.

உங்க கதையும் அவங்க கதையும் ஒண்ணு இல்ல. அவங்க அந்த மண்ணுல ஆதியில இருந்து இருந்தவங்க, உங்கள கொண்டுபோயி அந்த மலையில வேலைக்கு வச்சாங்க. ஆனா கால் வைக்கிற மண்ணு தன்னோடது இல்லைங்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கு.

—

ஊவா_மகன்

காணிய சரியாப் பிடிச்சீங்கண்ணே. லயத்துக்குப் பின்னால நாலு பாத்தி கீரை போடுறோம்னா, அது தோட்டத்துக் காணி. நாளைக்குத் தோட்டத்து மேனேஜர் துரை மாறுனா "எடு"ன்னா எடுக்கணும். கோழிக்கூடு போட்டதுக்குச் சண்டை நடந்த இடமெல்லாம் தெரியும் எனக்கு. ஏழு பேர்ச் காணியோட தனி வீடுன்னு சொல்லி சில இடத்துல கட்டிக் குடுத்தாங்க, இந்தியா உதவியில 4000 வீடு, அப்புறம் இன்னும் 10000 கட்டுறோம்னும் சொன்னாங்க. கிடைச்சவங்க வீட்டுல போயிப் பாருங்க, ஒரு மூலையில கோழி நிக்கும், ஒரு மூலையில போஞ்சிக் கொடி ஏறும். ஆனா இன்னும் லயத்துல இருக்கிற குடும்பம்தான் ஏராளம்.

—

ஓய்வு_மிட்வைஃப்

சாப்பாடு மட்டுமில்ல தம்பி. பீலித் தண்ணிய மறந்துடாதீங்க. மேல் லயத்துக் கக்கூஸ் தண்ணி இறங்குற ஓடைக்குக் கீழ பீலி வச்சிருக்கிற இடம் இருக்கு. பிள்ளைக்கு மாசத்துக்கு ஒருக்கா வயித்தோட்டம். சாப்பிட்டது உடம்புல ஒட்டுறதுக்கு முன்ன வெளிய போயிடுது. பூச்சி வேற. ஒரே காம்பராவுல அடுப்பு, படுக்கை, விறகுப் புகை, பிள்ளைக்கு இருமல். இருமுற பிள்ளை சாப்பிடாது.

இன்னொண்ணும் சொல்லியாகணும், வெக்கப்பட்டு மறைக்கக்கூடாது. சம்பள நாள் சாயங்காலம் காசு எந்தப் பக்கம் போகுதுன்னு. எல்லா வீட்டுலயும் இல்ல. ஆனா இருக்கிற வீட்டுல, நான் பிள்ளையோட கோட்டப் பாத்தே சொல்லிடுவேன். எத்தனையோ தாய்மார் கைகாசு எடுத்து ஒளிச்சு வச்சுப் பிள்ளைக்கு முட்டை வாங்குவாங்க.

—

வடக்கு_லயம்

அக்கா சொன்னது உண்மை. எங்கம்மா அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க.

—

மலைநாட்டு_வைத்தியர்

சரி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு ஒரு மலைநாட்டையே சாட்சியாகச் சொல்கிறேன். தென் அமெரிக்காவின் பெரு. ஆண்டிஸ் மலையில் கெச்சுவா மொழி பேசும் ஏழைச் சனம். அங்கும் "எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்" என்றே தாய்மார் நினைத்தார்கள். 2008 அளவில் நாட்டில் நூறு பிள்ளைகளில் 28 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். 2016-ல் அது 13 அளவுக்கு இறங்கியது. எட்டு வருடம். ஏழைத் தாய்மாருக்கு நேரடியாகப் பணம் கொடுத்தார்கள், பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுவருவதை அதோடு இணைத்தார்கள், தடுப்பூசி கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உயரத்தை அளந்து தாய்க்கு விளக்கிச் சொன்னார்கள்.

முட்டை பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஈக்வடோரின் மலை மாகாணம் ஒன்றில், ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குன்றல் ஏறக்குறைய பாதியானது. 2017-ல் வெளியான ஆய்வு. பிறகு மலாவியில் அதையே செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அங்கே ஏரி மீன் ஏற்கெனவே பிள்ளைகள் சாப்பாட்டில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். நம் பிள்ளைகள் தட்டில் மீன் இல்லை. ஆகவே நம் இடத்தில் முட்டைக்கு வேலை இருக்கும் என்று நான் நம்புகிறேன். அது என் அபிப்பிராயம். நெத்தலிக் கருவாட்டை வறுத்துப் பொடி செய்து சோற்றில் ஒரு கரண்டி போட்டாலும் நல்லது. உப்பைக் கழுவிவிடவேண்டும்.

எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வி. வீட்டுக்குக் கொடுத்தால் மிட்வைஃப் அக்கா சொன்னபடி பங்கு போகும், போகத்தான் செய்யும். பிள்ளைக்காம்பராவில் கொடுத்தால் பிள்ளையின் வாய்க்குள் போகும். பகல் முழுக்கப் பிள்ளை இருக்கிற இடம் அது. மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லாத வசதி ஒன்று தோட்டத்தில் பல காலமாக இருக்கிறது, அதில் சமைத்த சாப்பாடு மட்டும் பல இடத்தில் இல்லை.

—

மாட்டுக்காரன்_மகன்

டீச்சர், உங்க தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல எத்தன பிள்ளைங்க?

—

முன்பள்ளி_டீச்சர்

ரெண்டு வயசுக்குக் கீழ ஒன்பது. மொத்தம் இருபத்தியொண்ணு.

—

மாட்டுக்காரன்_மகன்

அந்த ஒன்பது பேருக்கு முட்டைச் செலவு நானும் என் கூட்டாளிங்க மூணு பேரும் பாத்துக்குறோம். மொதல்ல ஆறு மாசத்துக்கு. ஆனா கையில காசாத் தரமாட்டோம், கோழி வாங்கித் தாறோம். யாரு பாத்துக்குவாங்க, கூடு எங்க போடுறதுன்னு நீங்க அங்க பேசி வைங்க.

—

சிலோன்_கனடா

நானும் சேருறன். தனிமடல் போட்டிருக்கிறன்.

—

ஊவா_மகன்

கோழி நல்லது தம்பி, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா நீங்க நாலு பேர் கோழி குடுக்கிறதால சம்பளக் கணக்கையும் காணி உறுதியையும் யாரும் மறந்துடக்கூடாது. ஒரு தோட்டத்துக்கு நம்ம கோழி. மத்த தோட்டத்துக்கு?

—

மாட்டுக்காரன்_மகன்

மறக்கலண்ணே. அதுக்கும் வருவேன். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு ஆயிரம் நாள் ஓடிக்கிட்டே இருக்கு.

—

முன்பள்ளி_டீச்சர்

ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க. சிக்னல் இல்ல, மழை.

கூட்டுக்கு இடம் கிடைச்சிடுச்சு. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால, பழைய விறகுக் கொட்டில். தோட்டத்துப் பெரிய ஐயாகிட்ட எழுத்துல அனுமதி கேட்டோம், வாய்ப்பேச்சா வேணாம்னு மிட்வைஃப் அக்கா சொல்லிக் குடுத்தாங்க. தந்துட்டாங்க. ஆயம்மா கோழி பாத்துக்குறேன்னாங்க.

அந்தக் கவுன் பொண்ணோட அம்மா ஒரு நாள் சாயங்காலம் வந்தாங்க. மகள அளந்த கோடு கதவுல இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. கோட்டத் தொட்டுப் பாத்தாங்க. டாக்டர் எழுதுனத நான் என் வார்த்தையில சொன்னேன்: இது உங்க வம்சம் இல்ல, உங்க அம்மா பஞ்சத்துல பொறந்தாங்க, நீங்க அவங்க வயித்துல, இது உங்க குத்தம் இல்லன்னு. ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சின்னவனுக்குப் பதினாலு மாசம். அவன அளப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. நின்னு அளக்குற வயசு இல்ல, படுக்க வச்சுத்தான் அளக்கணும், எங்கிட்ட பலகை இல்லன்னு சொன்னேன்.

இந்தப் பக்கம் வாற மருத்துவ மாதுகிட்ட கேட்டுட்டேன். வாற புதன்கிழமை கிளினிக்குக்குப் பலகையோட வாறேன்னு சொல்லியிருக்காங்க. அம்மாமாருக்குப் பேர் வெட்டாம ரெண்டு மணித்தியாலம் விடச் சொல்லி கங்காணிகிட்டயும் பேசியாச்சு. டாக்டர், பதினாலு மாச ஆண்பிள்ளைக்கு எத்தன சென்டிமீட்டர் இருக்கணும்னு மட்டும் எழுதி வைங்க. புதன் ராத்திரி வந்து பாக்குறேன்.

—

மலைநாட்டு_வைத்தியர்

நடுவளவு 78. எழுபத்துமூன்றுக்குக் கீழே வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.